மூன்றாவது வரிசை

என்ஷி, நவம்பர் 2

யின்ஷிங்,

பெய்ஜிங்கிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். கூட்டம் நன்றாக நடந்தது. கலாசார அலுவலகத்தில் எல்லோரும் சௌக்கியம்.

உன் மாமியாரிடம் நீ ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறாயே, அவள் இப்படித்தான் கடிதம் எழுதுவாள். உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த தாவோஜி பெய்ஜிங்கைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அவள் சிங் ஆற்றங்கரை அரங்கத்தில் தினமும் மூன்று காட்சி கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்து அழுகிறாள். ஏழு வருடமாக அழுகிறாள். உனக்குத் தெரியாததா?

போனில் என்னைப் பிளாக் செய்துவிட்டாய். அதனால் காகிதம். வீட்டுக்கு அனுப்பினால் உன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் உன் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். இந்த மரியாதைகூட உனக்கு அதிகம்.

நீ மாமியாரோடு இங்கே வந்த அன்று நடந்ததை நீ வேறு மாதிரி சொல்வாய். அதனால் நான் முந்திக்கொள்கிறேன். மதியக் காட்சி. பெரும் பள்ளத்தாக்கில் பனி இறங்கிவிட்டது என்று மேலே போனவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊதுபத்திப் பாறையைப் பார்க்கக் கிடைக்காதவர்கள் அத்தனை பேரும் என் அழுகையைப் பார்க்க வந்து சேர்ந்தார்கள். தோழிகள் சுற்றி உட்கார, அம்மாவைக் கூப்பிட்டு அழுது முடித்து, கல்யாணத் தரகுக்காரியைத் திட்டுகிற இடத்துக்கு வந்தேன். நிமிர்ந்தால் மூன்றாவது வரிசையில் நீ. போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாய். படம் எடுக்க அல்ல, முகத்தை மறைக்க.

கல்யாணப் பெண் அழுதுகொண்டே தரகுக்காரியை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது நம் துஜியா இனத்து வழக்கம். அந்த உரிமையில்தான் வாயைத் திறந்தேன். "வரிசையில உக்காந்த மகராசி, கூடப் பொறந்தவ கண்ணுக்குத் தெரியலையா, கடல்மீனு தின்னுத் தின்னு கண்ணு அவிஞ்சு போச்சா" என்று அழுதேன். தரகுக்காரிக்கு நல்ல திட்டு விழுகிறது என்று சபை முழுக்கக் கைதட்டியது. உன் மாமியாரும் கைதட்டினார். நிங்போக்காரருக்கு நம் பேச்சில் ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. நீயும் தட்டினாய். அதை நான் பார்த்தேன்.

காட்சி முடிந்து கீழே வந்தபோது உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஜமாவே அழுதீங்களா, இல்ல கண்ணுல மருந்து ஏதாச்சும் விட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை, எல்லோரும் கேட்பதுதான். அதற்கு அடுத்துச் சொன்னதுதான் என்னைக் கொன்றது. "என் மருமக இந்த ஊருதாம்மா. இவ அக்கா பெரிய வேலையில இருக்காங்க, கலாசார அலுவலகத்துல. பாக்கலாம்னு ஆசையா வந்தேன். பெய்ஜிங்குக்கு மீட்டிங் போயிட்டாங்களாம், எனக்குக் கொடுத்து வெக்கல."

பிறகு உன்னை இழுத்து என் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். நீ சிரித்தாய். உன் தோள் என் தோளில் படாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றாய். வெளியூர்க்காரர்கள்கூட என் தோளில் கை போட்டுக்கொள்வார்கள்.

எதற்காக அப்படி நின்றாய் என்று எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

தாவோஜி

நிங்போ, நவம்பர் 11

அக்கா,

முதலில் ஒன்று. அலுவலகத்துக்குக் கடிதம் போடாதே. வரவேற்பில் இருக்கிற பெண் ஊர் முத்திரையைப் பார்த்துவிட்டு, "உங்க ஊரு தேயிலை வந்திருக்கா, எனக்குக் கொஞ்சம்" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறாள்.

பிளாக் செய்தேன், ஆமாம். அன்று ஓட்டல் அறையில் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றன் பின் ஒன்றாக நீ அனுப்பிய குரல் செய்திகளில் ஒன்றையாவது நீயே திரும்பப் போட்டுக் கேட்டாயா? கேட்டால் உனக்கே காது கூசும்.

நான் வேண்டுமென்றா அங்கே வந்தேன்? என் வீட்டுக்காரர் ஜுன்ஹாவ்தான் பள்ளத்தாக்குக்கும் அந்தக் காட்சிக்கும் சேர்த்தே டிக்கெட் வாங்கியிருந்தார். தலைவலி என்றேன். "உன் ஊரு வழக்கம், நீதான் எங்களுக்கு அர்த்தம் சொல்லணும்" என்று மாமியார் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நீ என்னைத் திட்டி முடித்ததும் அர்த்தமும் கேட்டார். "தரகுக்காரி வயிறு வளக்கறவன்னு திட்டறாங்க அத்தை" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. சபை நடுவில் என்னை நிறுத்தி வைத்துக் கூடப் பிறந்தவளைத் திட்டினாய். உனக்குக் கைதட்டு. எனக்கு என்ன?

எதற்காக அப்படி நின்றேன் என்று கேட்கிறாய். நானும் ஒன்று கேட்கிறேன். என் கல்யாணத்துக்கு நீ ஏன் வரவில்லை?

அக்டோபர் விடுமுறை, சுற்றுலாக் கூட்டம் அதிகம், ஆள் மாற்ற முடியாது என்றாய். ஊர் பேர் தெரியாதவர்களுக்காகத் தினமும் அழுகிறவள் எனக்காக ஒரு நாள் அழ வரவில்லை. நம் ஊரில் எந்தப் பெண்ணாவது யாரும் அழாமல் வீட்டை விட்டுப் போயிருக்கிறாளா? செத்தால்கூட நமக்கு மேளம் அடித்து ஆடுகிறார்கள். கல்யாணத்துக்கு அழ ஆளில்லாதவள் நான் ஒருத்திதான். நிங்போ ஓட்டலில் ஒலிபெருக்கியும் பலூனும்தான் இருந்தன. என் பக்கத்து மேசை காலியாகக் கிடந்தது. பெண் வீட்டார் மேசை அது.

அப்போதுதான் கேட்டார்கள், அக்கா ஏன் வரவில்லை என்று. என்ன சொல்லியிருக்க வேண்டும்? டிக்கெட் வாங்கினவர்களுக்கு அழ வேண்டியிருக்கிறது, அதனால் தங்கைக்கு அழ வரவில்லை என்றா? பெரிய வேலை, விடுப்புக் கிடைக்கவில்லை என்றேன். எந்த அலுவலகம் என்றார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். அன்றைக்குச் சொன்னதைத்தான் மூன்று வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொய்யை எனக்குக் கொடுத்தவளே நீதான். இப்போது வந்து என்னைக் கேட்கிறாய்.

யின்ஷிங்

என்ஷி, நவம்பர் 19

யின்ஷிங்,

அப்படியானால் முழுதாகச் சொல். பாதியை விழுங்காதே.

நான் விடுப்புக் கேட்கவில்லை என்றா நினைக்கிறாய்? கேட்டேன். முதலாளி சியாங் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார். ரயில் எது என்றுகூடப் பார்த்து வைத்தேன். அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். என்ன சொன்னாய்? "அக்கா வா, ஆனா அழாத. இங்க கல்யாணத்துல அழுதா அபசகுனம்பாங்க. நல்ல டிரஸ்ஸா போட்டுக்கிட்டு வந்து உக்காந்திரு, அது போதும்."

அது போதுமா? அழ வேண்டாத அக்கா உனக்கு எதற்கு? நாற்காலிக்கு உறை போட்ட மாதிரி உன் ஓட்டலில் வந்து உட்கார வேண்டுமா? அந்த நிமிடமே விடுப்பைத் திருப்பிக் கொடுத்தேன். கூட்டம் என்று பொய் சொன்னது நான்தான். அந்தப் பொய்யை நீ பெய்ஜிங் வரை கொண்டு போவாய் என்று எனக்குத் தெரியாது.

சரி. இப்போது கேள். எனக்குக் கல்யாணம்.

சிரித்துவிட்டு மேலே படி. முப்பத்தெட்டு வயதில், அதுவும் ஏழு வருடமாகத் தினமும் மூன்று தடவை மணப்பெண்ணாக இருந்தவளுக்கு. மாப்பிள்ளை தியான். பள்ளத்தாக்கில் படியேற முடியாதவர்களை மூங்கில் நாற்காலியில் வைத்துத் தூக்குகிறவர். மனைவி போய் ஐந்தாறு வருடம் ஆகிறது. அவரை எங்கே பிடித்தாய் என்று கேட்காதே, அவர்தான் பிடித்தார். அரங்கத்துக்கு எதிரே ஹெஜா கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, கீரையும் சோயாவும் அரைத்த அந்தக் கூழில் ஒரு வாய் விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நீங்க அழறது எனக்குப் புடிக்கல. தொண்டை கெட்டுப்போவும்." வேறு எவனும் என் தொண்டையைப் பற்றி யோசித்ததில்லை. நம் சந்திரக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள் வைத்திருக்கிறோம், ஜனவரியில் வருகிறது.

சியாங்கிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது. "மேடையிலயே வெச்சுக்க தாவோஜி. நெஜமான கல்யாணம், நெஜமான அழுகை. போஸ்டர் அடிச்சிடலாம். சாப்பாடு, துணி எல்லாம் நம்ம செலவு" என்றார். "நெஜமா அழறப்ப ஒருத்தனும் பாக்கக் கூடாது" என்றேன். "அப்போ இத்தன வருஷமா அழுதது?" என்று கேட்டார். "அது வேல" என்றேன். மறுநாளே என் இடத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தியை உட்கார வைத்துவிட்டார். இரண்டு காட்சிக்கு ஒரு குப்பி கண் மருந்து காலியாகிறதாம். போகட்டும்.

இப்போது எனக்கு வேலையும் இல்லை, வெட்கமும் இல்லை. நேராகவே கேட்கிறேன். கல்யாணப் பெண் அம்மாவைக் கூப்பிட்டு அழும்போது அம்மா பதிலுக்கு அழ வேண்டும். அம்மா இல்லாவிட்டால் கூடப் பிறந்தவள். வேறு யாரும் அந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது. அம்மா போய்விட்டாள், கூடப் பிறந்தவள் நீ ஒருத்தி. நீ வராவிட்டால் நான் கூப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அத்தைமார் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

வா. ஆனால் என் தங்கையாக வா. உன் புருஷனுக்கும் மாமியாருக்கும் நான் யார், எதற்காக அழுதேன், மூன்றாவது வரிசையில் நான் திட்டியது யாரை என்று எல்லாம் சொல்லிவிட்டு வா. சொல்ல முடியாவிட்டால் வராதே.

தாவோஜி

நிங்போ, நவம்பர் 28

அக்கா,

தியான் அண்ணனைப் பற்றிப் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவிடாமல் கடைசிப் பத்தியில் கழுத்தைப் பிடித்துவிட்டாய். கல்யாணத்துக்கு அழைக்கிறாயா, பஞ்சாயத்துக்கு அழைக்கிறாயா?

அபசகுனம் என்று நான் சொன்னது உண்மை. ஜுன்ஹாவின் பெரியம்மா சொல்லச் சொன்னது. புது வீட்டுக்குப் போகிறவள் என்ன செய்வாள்? எதிர்த்துப் பேசுவாளா?

நான் வருகிறேன். தனியாக வருகிறேன். வூஹானில் அலுவலகப் பயிற்சி என்று சொல்லிக்கொள்கிறேன், இரண்டு நாள் கிடைக்கும். உனக்கு வேண்டியது நான் பக்கத்தில் உட்கார்ந்து பதில் அழுவதுதானே. அதைச் செய்கிறேன். மற்றதைக் கேட்காதே.

யின்ஷிங்

என்ஷி, டிசம்பர் 6

யின்ஷிங்,

அலுவலகப் பயிற்சிக்கு வருகிறவர்கள் தங்க நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன. அரங்கத்தில் புதுப்பெண் நன்றாக அழுகிறாளாம். மூன்றாவது வரிசையிலிருந்து தெளிவாகத் தெரியும்.

என் வீட்டுக்கு வராதே.

தாவோஜி

நிங்போ, டிசம்பர் 17

அக்கா,

சொல்லிவிட்டேன். போதுமா? திருப்தியா?

எப்படிச் சொன்னேன் என்று கேள். உன் கடிதம் வந்த அன்று வீட்டுக்குப் போனேன். மாமியார் சமையலறையில் நண்டு கழுவிக்கொண்டிருந்தார். நல்ல நேரம் பார்த்து, நிதானமாக, முதலில் ஜுன்ஹாவிடம் என்றெல்லாம் திட்டம் வைத்திருந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்க அக்கா பெய்ஜிங்குலேருந்து வந்துட்டாங்களா, ஒரு போன் போடு, நானும் பேசறேன்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. உன்மேல்தான் ஆத்திரம், அவர்மேல் கொட்டினேன். "அவ பெய்ஜிங்குக்கே போகல அத்தை. நீங்க கையப் புடிச்சு, கண்ணுல மருந்தான்னு கேட்டீங்களே, அவதான்" என்றேன்.

நண்டு கை நழுவித் தொட்டியில் விழுந்தது. அவர் ஈரக் கையோடு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணா?"

"ஆமா."

"அவ உன்னைப் பாத்தாளா?"

"பாத்தா."

"பாத்துக்கிட்டேதான் நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னாளா? பெரிய வேல, மீட்டிங்குன்னு நான் அவ மூஞ்சிக்கு நேரா சொன்னேனே."

என்னை வெளியே போகச் சொல்வார், ஜுன்ஹாவைக் கூப்பிடுவார், கூத்தாடி வீட்டுப் பெண் என்பார் என்று காத்திருந்தேன். மூன்று வருடமாக அதைத்தான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் யாருன்னு உனக்குத் தெரியுமா? மீன் சந்தையில தொண்ட கிழியக் கத்தி வித்தவ. அந்த நாத்தம் இன்னும் என் கையில போகல. மேடையில நிக்கிறவள எனக்குக் கேவலமாப் படும்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நெனச்ச? என்னை எப்பேர்ப்பட்ட பொம்பளையா ஆக்கிட்ட. அவ எதிர்ல என்னை எப்படி நிக்க வெச்சுட்ட."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் ஜுன்ஹாவிடம் சொல்கிறார், ஜுன்ஹாவ் என்னிடம் சொல்கிறார். ஜுன்ஹாவும் பாதிச் சொல்லில்தான் பேசுகிறார். அந்தப் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்றார். அவ்வளவுதான்.

அக்கா, எனக்கும் கோபம் இருக்கிறது. முன்பு நீ ஒருத்தி திட்டினாய். இப்போது இந்த வீட்டிலும் திட்டு. எல்லோருக்கும் உன் பக்கம்தான் நியாயம். அந்தக் காலி மேசையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. நான் அழாதே என்றேன், சரி. நீ வந்து, அழாமல் உட்கார்ந்து, பிறகு வருடம் முழுக்க அதற்காக என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு அது போதுமாக இருந்திருக்கும். பக்கத்தில் நம் ஆள் என்று ஒரு முகம் இருந்திருக்கும்.

வருகிறேன். ஜுன்ஹாவும் வருகிறார். மாமியார் நேற்று கதவருகே நின்று, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நானும் வரேன். அங்க பொம்பளைங்க எங்க உக்காருவாங்க, என்ன கொண்டு வருவாங்கன்னு கேட்டு எழுது" என்றார். கேட்டுவிட்டேன்.

இன்னொன்று. பதினாறு வயதில் தொழிற்சாலைக்கு என்று ஊரைவிட்டு வந்தவள் நான். கல்யாணங்களில் அத்தைமார் மடியில் தூங்கித்தான் பழக்கம். ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. நீ அம்மாவைக் கூப்பிட்டு அழும்போது நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? எழுதி அனுப்பு, மனப்பாடம் செய்துகொண்டு வருகிறேன்.

யின்ஷிங்

என்ஷி, டிசம்பர் 27

யின்ஷிங்,

உன் மாமியாருக்கு முதலில். ஒன்றும் கொண்டு வர வேண்டாம். தியானின் அண்ணி பன்றிக்கறியை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுவிட்டாள், அதற்கு நாங்கள் போடுகிற புகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருமுகிறார்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உட்காருகிற இடம் பற்றி அவரிடம் சொல். ஆண்கள் முற்றத்தில். பெண்கள் உள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. போன் உள்ளே வராது. சியாங் ஒரு படக்காரனை அனுப்பப் பார்க்கிறார் என்று கேள்வி. தியானின் நாற்காலிக் கூட்டாளிகள் வாசலில் நிற்பார்கள், அவன் வந்து பார்க்கட்டும்.

உன் மாமியார் உள்ளே வந்து உட்காரலாம். ஆனால் உள்ளே உட்கார்ந்தவர்கள் அழ வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு என் கல்யாணத்தில் இடமில்லை. எங்கள் பேச்சு தெரியாது என்று சொல்வார். அவர் பேச்சிலேயே அழட்டும். அவருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள், ஒரு வீட்டை விட்டு அவரும் வந்திருப்பார். மீன் சந்தையில் கத்திய தொண்டை என்றால் எங்கள் அத்தைமாருக்கு நல்ல போட்டிதான். கண் மருந்து கேட்டதற்கு எனக்குக் கோபம் இல்லை என்று சொல். உன்மேல் இருக்கிறது. அது எளிதில் போகாது.

நீ கேட்ட வரி. என்னிடம் இல்லை. ஏழு வருடமாக நான் "அம்மா" என்று கூப்பிடும்போது சியாங்கின் சின்னம்மா மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து பதில் அழுதாள். நல்ல வரிகள்தான். அந்த வரிகளைச் சொல்ல உன்னை நான் கூப்பிடவில்லை. நம் அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத்தான் கொஞ்சம் தெரியும், கடைசி வருடம் வேலையை விட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்தவள் நீ. மனப்பாடம் செய்யாதே. வாயில் வருவதைச் சொல். வரவில்லையென்றால் என்னைத் திட்டு. அதுவும் வழக்கம்தான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அந்தக் காலி மேசையைப் பற்றி எழுதியதை நான்கைந்து தடவை படித்தேன். தியானிடமும் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்று கதவைச் சாத்தியதும் முதலில் உனக்காகத்தான் அழப்போகிறேன். மூன்று வருடத்துக்கு முன் அழுதிருக்க வேண்டியது. கல்யாணப் பெண் தன் அழுகையைத் தள்ளி வைத்து, ஏற்கெனவே கட்டிக்கொடுத்த தங்கைக்கு அழுவது எந்த ஊர் வழக்கம் என்று அத்தைமார் கேட்பார்கள். கேட்கட்டும். எனக்கு அழத் தெரியாது என்று அவர்களால் சொல்ல முடியாது.

பெண் புறப்படுகிற கோலத்தைச் சொல்லித்தான் அழுகையைத் தொடங்க வேண்டும். அதனால் உடனே எழுது. அன்று நீ என்ன உடுத்தியிருந்தாய், தலையில் என்ன வைத்திருந்தாய், காலில் என்ன செருப்பு. நான் பார்க்கவில்லை.

தாவோஜி